பக்கத்து வயலில் பெண் குதிரைகள்: வேலியோரம் ஏன் இத்தனை ரகளை?

இங்கிலாந்தில் குதிரை வைத்திருக்கும் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. மாதாமாதம் பணம் கட்டி, ‘லிவரி யார்டு’ எனப்படும் லாயங்களில் குதிரையை விட்டு வைப்பார்கள். ஒரே யார்டில் பத்துப் பதினைந்து பேருடைய குதிரைகள் இருக்கும். அவை மேய நாலைந்து வயல்கள் இருக்கும். பெண் குதிரைகள் ஒரு வயலில், காயடித்த ஆண் குதிரைகள் அடுத்த வயலில், நடுவே ஒரு வேலி என்பது பல யார்டுகளில் காலங்காலமாக நடக்கும் ஏற்பாடு. புதிதாகக் குதிரை வாங்கியவர் இதைப் பார்த்ததும் கேட்பார்: “அதான் காயடித்தாகிவிட்டதே, அப்புறம் எதற்குப் பிரிக்கிறீர்கள்?” வசந்தகாலம் வந்ததும் அவரே வேறொரு கேள்வியோடு வருவார்: “பிரித்துத்தானே வைத்திருக்கிறோம், பிறகு ஏன் வேலியோரம் இத்தனை சத்தம்?”

இரண்டுமே நியாயமான கேள்விகள். பிரித்து வைப்பதில் தவறில்லை. ஆனால் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் கோளாறு. தகராறில் ஆண், பெண் விவகாரம் ஒரு பங்குதான். வேலி எப்படிப் போட்டிருக்கிறது, இடம் போதுமா, கூட்டத்தில் எத்தனை முறை ஆள் மாற்றுகிறோம் என்பவற்றுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

வேலி இல்லாத இடத்தில்

நியூசிலாந்தின் கைமனாவா மலைப்பகுதியிலும் இன்னும் சில நாடுகளிலும் மனிதர் கட்டுப்பாடு இல்லாமல் திரியும் குதிரைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே குதிரைகள் சிறு குடும்பங்களாக வாழ்கின்றன. ஒரு பொலிகுதிரை, அதாவது காயடிக்காத ஆண், சில சமயம் இரண்டு. அதனுடன் சில பெண் குதிரைகள், அவற்றின் குட்டிகள். வளர்ந்த ஆண் குட்டிகள் குடும்பத்தை விட்டு வெளியேறி, தங்களுக்குள் ஒரு ‘பிரம்மச்சாரிக் கூட்டம்’ சேர்த்துக்கொள்ளும். பெண் குதிரைகளோ ஒன்றோடொன்று ஆண்டுக்கணக்கில் பிரியாமல் இருப்பதுண்டு. கைமனாவா குதிரைகளைப் பற்றி 2009இல் வெளியான ஓர் ஆய்வு, உறவுமுறை இல்லாத பெண் குதிரைகளுக்குள்ளும் நெருக்கமான நட்பு இருப்பதாகவும், அப்படி நட்புள்ளவை அதிகக் குட்டிகளை ஈன்று வளர்ப்பதாகவும் சொன்னது. ஒன்றின் பிடரியடியை மற்றொன்று பல்லால் சொறிந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பிரான்சின் கமார்க் குதிரைகளிடம் சோதித்தபோது, அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பே குறைகிறது என்று தெரிந்தது. குதிரைக்குத் துணை என்பது பொழுதுபோக்கு சமாச்சாரம் இல்லை.

பொலிகுதிரை எதைக் காவல் காக்கிறது என்பது இங்கே முக்கியம். நிலத்தை அல்ல, தன் கூட்டத்தை. ஒரே புல்வெளியில் பல குடும்பங்கள் மேயும். இரண்டு குடும்பங்கள் நெருங்கிவிட்டால் இரு பொலிகுதிரைகளும் முறுக்கிக்கொண்டு முன்னால் வரும், மூக்கோடு மூக்கு வைத்து மோப்பம் பிடிக்கும், ஒரு கீச்சுக்குரல், முன்னங்காலால் ஓர் அடி, சாணக் குவியலை முகர்ந்து பார்த்து அதன்மேல் தானும் சாணமிடும். பெரும்பாலும் அத்தோடு சரி. இரண்டும் தத்தம் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு எதிரெதிர்த் திசையில் போய்விடும். ரத்தம் வருகிற அளவுக்குச் சண்டை அபூர்வம். காரணம், விலகிப்போக இடம் இருக்கிறது.

இப்போது அதே காட்சியை இரண்டு ஏக்கர் வயலில் வைத்துப் பாருங்கள். நடுவில் மரக்கட்டை வேலி. அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம். சந்திப்பு நடக்கிறது, ஆனால் யாரும் விலகிப்போக முடியவில்லை. ஒரு சில நிமிடங்களில் முடியவேண்டிய விஷயம் நாள் முழுக்க நீடிக்கிறது. வேலியோர ரகளையில் பாதியை இந்த ஒரு காரணமே விளக்கிவிடும்.

காயடித்தால் எது போகும், எது போகாது

விதைகளை அகற்றியதும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பது நின்றுவிடும். ஆனால் அதே நாளில் குதிரை மலடாகிவிடாது. ஏற்கெனவே உண்டான விந்தணுக்கள் குழாய்களில் கொஞ்ச காலம் தங்கும். அதனால் புதிதாகக் காயடித்த குதிரையைச் சுமார் ஆறு வாரம் பெண் குதிரைகளிடமிருந்து தள்ளியே வைக்கச் சொல்வார்கள்.

நடத்தை வேறு கதை. 1985இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, காயடித்த குதிரைகளில் 20 முதல் 30 சதவீதம் பெண் குதிரைகளிடம் பொலிகுதிரையைப் போலவே நடந்துகொள்கின்றன. இதில் ஒரு சுவாரசியம், பருவம் எய்துமுன் காயடித்தவற்றுக்கும் பிறகு காயடித்தவற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. “லேட்டாக வெட்டினார்கள், அதனால்தான் இப்படி” என்று யார்டுகளில் சொல்லும் சமாதானம் அவ்வளவாக எடுபடாது என்று அர்த்தம். இந்த நடத்தையில் ஒரு பகுதி மூளையில் முன்பே பதிந்தது. ஹார்மோன் போனாலும் அது போவதில்லை.

அப்படிப்பட்ட குதிரையை அடையாளம் காண்பது எளிது. பெண் குதிரையின் சிறுநீரை முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். மணத்தை மூக்கின் உள்ளே இருக்கும் தனி உறுப்புக்கு அனுப்பும் வேலை அது. பெண் குதிரையும் குட்டியும்கூட இதைச் செய்யும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வரவேண்டாம். கழுத்தைத் தரையோடு தாழ்த்தி, காதுகளைப் பின்னால் ஒட்டவைத்து, பெண் குதிரைகளை ஒரு மூலைக்கு ஓட்டிக்கொண்டு போனால் அதுதான் கவனிக்கவேண்டியது. தன் ‘குடும்பத்தை’ மற்ற ஆண்களிடமிருந்து விலக்கி நிறுத்துகிறது. சில குதிரைகள் மேலே ஏறவும் செய்யும்.

பெண் குதிரையின் பக்கம் என்ன நடக்கிறது? குதிரைக்கு இனப்பெருக்கக் காலத்தை முடிவு செய்வது பகல் வெளிச்சம். குளிர்காலத்தில் பெரும்பாலான பெண் குதிரைகளின் சினைப்பை ஓய்வில் இருக்கும். பகல் நீளத் தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டம்பர், அக்டோபர் வரை, சுமார் 21 நாளுக்கு ஒருமுறை சுழற்சி. அதில் 5 முதல் 7 நாள் சினைப்பருவம். ஆனால் வசந்தத் தொடக்கத்தில் கணக்கு ஒழுங்காக இருக்காது. முட்டை வெளியாகாமலேயே பருவ அறிகுறிகள் வாரக்கணக்கில் நீளலாம். அதே நேரத்தில் புது இளம்புல் வேறு தின்று எல்லாக் குதிரைகளும் துள்ளிக்கொண்டிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் யார்டுகளில் புகார் குவிவதற்கு இதுவே காரணம்.

பருவத்தில் இருக்கும் பெண் குதிரை வாலைத் தூக்கி, பின்னங்கால்களை அகட்டி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். வேலியைத் தேடி வந்து பின்புறத்தைத் திருப்பி நிற்கும். பருவம் இல்லாத நாளில் அதே இடத்தில் ஆண் குதிரை மூக்கை நீட்டினால் கிடைப்பது உதை. இரண்டு நாள் முன்புவரை வரவேற்பு கிடைத்த இடத்தில் இன்று அடி விழும். பாவம், அந்தப் பக்கத்து ஆளுக்கு நாள்காட்டியா தெரியும்.

அப்படியென்றால் பிரிக்கத்தான் வேண்டுமா?

2009இல் வெளியான ஒரு ஸ்காண்டிநேவிய ஆய்வு இதைத்தான் சோதித்தது. பெண் குதிரைகள் மட்டும், காயடித்தவை மட்டும், இரண்டும் கலந்தவை என்று கூட்டங்கள் அமைத்துப் பார்த்தார்கள். சண்டையிலோ காயங்களிலோ பால்வாரியாகப் பிரித்ததால் வித்தியாசம் வரவில்லை. கலந்து மேய்வதால் மட்டும் ரகளை கூடிவிடாது என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

ஆனாலும் லிவரி யார்டு என்பது ஆய்வுக்கூடம் அல்ல. இன்று ஒரு குதிரை வரும், அடுத்த மாதம் வேறொன்று போகும். உறுதியாகச் செட்டிலான கலப்புக் கூட்டத்தில் ஒரே ஓர் ‘ஓட்டிக்கொண்டு போகும்’ ஆண் குதிரை இருந்தால் பெரும்பாலும் அமைதியாகவே போகும். அங்கே இரண்டாவதாக ஒரு காயடித்த குதிரையைச் சேர்க்கும்போதுதான் வினை ஆரம்பம். முதலில் இருந்த குதிரை புதியதைப் புல்லருகேகூட விடாமல் துரத்தும். வருவோரும் போவோருமாக இருக்கும் இடத்தில் பிரித்து வைப்பது நிர்வாகத்துக்கு வசதி. நாலைந்து குதிரைகள் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும் வீட்டு நிலத்தில் பிரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குட்டியோடு இருக்கும் பெண் குதிரைக்கு மட்டும் எங்கேயானாலும் தனி இடம் வேண்டும். அதுவும் பிறரை நெருங்கவிடாது, சில ஆண் குதிரைகளும் குட்டியைத் தாக்கும்.

வேலிதான் மருந்து

பிரிப்பது என்று முடிவு செய்துவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது வேலியை. குதிரைகளுக்கு வேலி சுமார் 1.25 மீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்து அரசின் குதிரைப் பராமரிப்பு வழிகாட்டி சொல்லும் அளவு. பெரிய குதிரைக்கு இன்னும் கூட்டலாம். ஆனால் உயரத்தைவிட முக்கியம், இரு கூட்டங்களும் ஒன்றையொன்று தொடமுடியுமா என்பது. ஒற்றை வேலியாக இருந்தால் முடியும். பின்புறத்தைத் திருப்பி நிற்கும் பெண் குதிரை உதைக்கும்போது கால் கட்டைகளுக்கு நடுவே போகும். கம்பி வேலியானால் குளம்புக்கும் லாடத்துக்கும் இடையில் கம்பி சிக்கும். ஆட்டுக்குப் போடும் சதுரக்கண் வலை இதில் படுமோசம். முள்கம்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

குதிரையின் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் தசையே கிடையாது, தோல்தான். அங்கே உதை பட்டால் வெளியே சிறு கீறலாகத் தெரிவது உள்ளே எலும்பு விரிசலாக இருக்கலாம். குதிரை நொண்டாமல்கூட நடக்கும். பிறகு ஓடும்போது விரிசல் முழு முறிவாகிவிடும். அதனால் வேலியோர உதைக்காயம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நல்ல தீர்வு இரட்டை வேலி. இரண்டு வேலிகளுக்கு நடுவே இரண்டு மூன்று மீட்டராவது இடைவெளி. மூக்கும் நீளாது, காலும் எட்டாது. ஆனால் நடுவில் யாரும் மேயாத புல் பச்சைப்பசேல் என்று வளரும். அதை எட்டிப்பிடிக்கக் குதிரைகள் வேலியில் சாய்ந்து கட்டையை உடைக்கும். மேல்கட்டையை ஒட்டி மின்நாடா (மின்சாரம் பாயும் நாடா) ஒன்றை ஓடவிட்டால் சாய்வது நின்றுவிடும். அந்த இடைவெளியில் மஞ்சள் பூப் பூக்கும் ராக்வோர்ட் முளைக்கும். கல்லீரலைக் கெடுக்கும் செடி அது, வேரோடு பிடுங்கவேண்டும். பொறுமை இருந்தால் நடுவே ஹாதார்ன் போன்ற புதரை உயிர்வேலியாக வளர்க்கலாம். சில ஆண்டுகளில் பார்வையையும் காற்றையும் சேர்த்துத் தடுக்கும். யூ மரத்தை மட்டும் கிட்டேயே சேர்க்கக்கூடாது, கொஞ்சம் இலை தின்றாலே குதிரை செத்துவிடும். இரட்டை வேலிக்குக் காசில்லை என்றால் இருக்கும் வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இரு பக்கமும் தற்காலிகக் கம்பம் நட்டு மின்நாடா கட்டலாம். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

வேலி சரியாக இருந்தும் அதையொட்டிக் கூட்டம் கூடுகிறதா? அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, வைக்கோல், கதவு மூன்றும் பொதுவேலியோரம்தான் இருக்கும். ஆட்களுக்கு அதுதான் வசதி. ஒண்டுக்குடித்தன வீட்டில் குழாயடியில் சண்டை வருவதுபோல, குதிரைகளுக்கும் வாளி இருக்கிற இடத்தில்தான் வரும். இவற்றை வயலின் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினாலே வேலியோர நடமாட்டம் கண்கூடாகக் குறையும். வைக்கோலை எத்தனை குதிரைகளோ அதைவிட ஒன்றிரண்டு குவியல் கூடுதலாக, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி வையுங்கள். துரத்தப்படும் குதிரைக்குப் போக எப்போதும் ஓர் இடம் இருக்கும். தொட்டியைக் குறுகிய மூலையில் வைக்காதீர்கள், மாட்டிக்கொண்ட குதிரை வேலியைத் தாண்டப் பார்க்கும்.

இடமும் கணக்கில் உண்டு. மேய்ச்சலை மட்டும் நம்பினால் ஒரு குதிரைக்கு அரை முதல் ஒரு ஹெக்டேர் வேண்டும் என்பது அதே வழிகாட்டியின் மதிப்பு. இளம்புல்லைத் தின்று குளம்பில் அழற்சி வராமலிருக்கச் சிலர் வயலைச் சின்னச்சின்னதாகத் தடுப்பார்கள். குளம்புக்கு நல்லதுதான். ஆனால் அதே தடுப்பு நெரிசலையும் பசியையும் சேர்த்துக் கொடுத்து ரகளையைக் கூட்டும். அந்தக் குறுகலான தடுப்பைப் பொதுவேலியோரம் மட்டும் போடாதீர்கள்.

புதிய குதிரை வரும்போது

எல்லா ரகளைகளிலும் மோசமானது ஆள் மாறும்போது வருவது. புதிய குதிரையை முதலில் இரண்டு மூன்று வாரம் தனியே வைக்கவேண்டும். இது நடத்தைக்காக அல்ல, ‘ஸ்ட்ராங்கிள்ஸ்’ என்ற தொண்டைக்கட்டி நோய்க்காக. மூக்கிலிருந்து மூக்குக்குப் பரவும் பாக்டீரியா அது. பக்கத்து வயலில் விட்டுவிட்டு “தனியாகத்தான் இருக்கிறது” என்று சொல்வது தனிமை ஆகாது, வேலிமேல் மூக்கு உரசினாலே போதும்.

அந்தக் காலம் முடிந்ததும் எந்தக் கூட்டத்தில் சேரப்போகிறதோ அதன் பக்கத்தில் சில நாள் பார்வைக்கு விடுங்கள். பிறகு அந்தக் கூட்டத்தில் சாதுவான ஒன்றை மட்டும் புதியதோடு சேர்த்து மேயவிடுங்கள். அந்த இரண்டும் பழகியபின் மற்றவற்றோடு சேருங்கள். துணை ஒன்று ஏற்கெனவே இருப்பதால் புதியது எல்லாராலும் ஒரே நேரத்தில் துரத்தப்படாது. பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுவது எவ்வளவோ பாதுகாப்பு. இருப்பதிலேயே பெரிய வயலில், எல்லாக் குதிரையும் வயிறு நிறையத் தின்றபிறகு, பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். கீச்சுக்குரலும் காற்றில் விழும் உதையும் பயப்பட வேண்டியவை அல்ல. ஒன்று விலகிப்போனபிறகும் மற்றொன்று விடாமல் துரத்தினால் மட்டும் தலையிடவேண்டும். நீங்கள் இரண்டுக்கும் நடுவே நடந்துபோய் அல்ல, கதவைத் திறந்து ஒன்றை வெளியே எடுத்து.

வேலிக்கு இருபுறமும் ஒரு ஜோடி சேர்ந்துகொள்வதும் நடக்கும். ஆண் குதிரையைச் சவாரிக்கு அழைத்துப்போனால் பெண் குதிரை வேலியோரம் மேலும் கீழும் நடந்து, கனைத்து, வேர்த்து நனைந்துவிடும். இதைக் காதல் என்று ரசிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது துணை போய்விட்ட பயம். ஒவ்வொன்றுக்கும் தன் வயலிலேயே ஒரு நல்ல கூட்டாளி இருந்தால் வேலிக்கு அப்பால் தேடவேண்டியதில்லை. தனியாக ஒரே ஒரு குதிரையை வைத்திருக்கும் வயலில்தான் இந்தத் தொல்லை அதிகம். பழக்கவேண்டுமானால் முதலில் சில நிமிடம், பிறகு சிறிது நேரம் என்று கூட்டுங்கள். இரண்டுக்கும் முன்னால் வைக்கோல் இருக்கட்டும்.

மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்

வேலி, இடம், துணை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு குதிரை அடங்கவில்லை என்றால் உடம்பைச் சோதிக்கவேண்டும். காயடித்ததாக விற்ற குதிரைக்கு ஒரு விதை வயிற்றுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அந்த விதை சூட்டில் இருப்பதால் விந்தணுவை உருவாக்காது, ஆனால் டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பெண் குதிரையிடம் பொலிகுதிரையின் முரட்டுத்தனம் வந்தாலோ, பருவம் ஓயாமல் நீடித்தாலோ சினைப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்வார்கள். வாலைத் தூக்கி அடிக்கடி சிறுநீர் விடுவது சிறுநீர்ப்பைக் கோளாறாகவும் இருக்கலாம். மாதாமாதம் எரிந்துவிழும் குதிரைக்கு ‘சிடுமூஞ்சி’ என்று பட்டம் கட்டிவிட்டு வயிற்றுப்புண்ணைக் கோட்டைவிடுவதும் நடக்கிறது.

பருவத்தை அடக்க அல்ட்ரினோஜெஸ்ட் என்ற மருந்தைத் தினமும் தீனியில் ஊற்றிக் கொடுப்பது உண்டு. அது தோல் வழியாக மனித உடம்பிலும் இறங்கும், பெண்களின் மாதச் சுழற்சியையும் குழப்பும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது, மற்றவர்கள் கையுறை இல்லாமல் எடுக்கக்கூடாது. கர்ப்பப்பைக்குள் கண்ணாடிக் கோலிக்குண்டு வைப்பது ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. குண்டு உள்ளேயே உடைந்த சம்பவங்களுக்குப் பிறகு அதை யாரும் சிபாரிசு செய்வதில்லை.

கடைசியாக, நிலம் வரிசையாக மூன்று வயல்களாக இருந்தால் ஒரு யோசனை. எப்படியும் ஒரு வயலுக்கு ஓய்வு கொடுத்துப் புல் வளரவிட வேண்டும். அந்த ஓய்வு வயல் வசந்தகாலத்தில் நடுவயலாக இருக்கும்படி சுழற்சியை அமையுங்கள். அப்போது இரு கூட்டங்களுக்கும் பொதுவேலியே இருக்காது. சும்மா கிடக்கிறதே என்று தோன்றினால் அதில் ஆடுகளை விடலாம். குதிரை ஒதுக்கும் புல்லை அவை மேய்ந்துவிடும், குதிரையின் குடற்புழுக்கள் பெரும்பாலும் ஆட்டின் வயிற்றில் பிழைக்காது என்பதால் வயலும் சுத்தமாகும். ஆட்டு வலை போட்டிருந்தால் மட்டும், குதிரைகள் திரும்பி வருமுன் அதற்கு முன்னால் மின்நாடா கட்டிவிடுங்கள்.